ஆல் வீல் டிரைவ் வேகன் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது: அளப்பதும் குறைப்பதும்

ஸ்டேஷன் வேகன் (கூரை பின்கதவு வரை நீளும் கார்) எதிர்பார்த்த மைலேஜ் தரவில்லை என்றால் பழி முதலில் ஆல் வீல் டிரைவ் மேல்தான் விழும். அந்தப் பழியில் பாதிகூட நியாயமில்லை. ஒரே வண்டி முன்சக்கர இழுவையிலும் நான்கு சக்கர இழுவையிலும் கிடைக்கும் இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தால், வித்தியாசம் பெரும்பாலும் 100 கிமீக்கு அரை லிட்டர் அளவிலேயே நிற்கும். கூடுதல் எடை 60 முதல் 90 கிலோ. இந்த அரை லிட்டரை ஒரு அளவுகோலாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டால், எதற்கு மெனக்கெட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானே விளங்கும்.

முதலில் சரியாக அளங்கள்

டாஷ்போர்டில் தெரியும் சராசரியை நம்ப வேண்டாம். இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்து அது போடும் கணக்கு, பல வண்டிகளில் உண்மையைவிட 2 முதல் 6 சதவீதம் நல்லதாகவே காட்டும். பம்ப்பில் நிரப்பும் லிட்டரும் ஓடிய கிலோமீட்டரும்தான் சாட்சி.

1. டேங்க் முக்கால்வாசி காலியானதும் நிரப்பப் போங்கள். நாசில் தானாக நிற்கும் முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவும் நனைந்து கெடும்.
2. டிரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். முடிந்தவரை அதே பங்க், அதே பம்ப், வண்டி அதே பக்கம் பார்த்து நிற்கட்டும். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே ஒரு லிட்டர் கூடக் குறைய ஏறும்.
3. அதன் பிறகு ஒவ்வொரு நிரப்பலிலும் கிலோமீட்டர், லிட்டர், வெளி வெப்பநிலை மூன்றையும் குறியுங்கள். கூரைமேல் ஏதாவது இருந்ததா, எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒரு வார்த்தையும் எழுதிவையுங்கள்.
4. ஐந்து டேங்க் முடிந்ததும் மொத்த லிட்டரை மொத்தக் கிலோமீட்டரால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.

ஏன் ஐந்து? நாசில் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றரை லிட்டர் வரை மாறலாம். 20 லிட்டர் நிரப்பலில் அது 7.5 சதவீதப் பிழை, 50 லிட்டரில் 3 சதவீதம். ஐந்து டேங்கைச் சேர்த்து 250 லிட்டராகப் பார்த்தால் முதல் நிரப்பலின் பிழையும் கடைசி நிரப்பலின் பிழையும் மட்டுமே கணக்கில் வரும். பிழை 1 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். 'ஒரு டேங்கில் லிட்டருக்கு 15 கிமீ கொடுத்தது' என்பது பேசுவதற்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

லிட்டருக்கு எத்தனை கிமீ என்ற கணக்கில் ஒரு கண்ணி உண்டு. நகருக்குள் 300 கிமீ ஓட்டி லிட்டருக்கு 8, நெடுஞ்சாலையில் 300 கிமீ ஓட்டி லிட்டருக்கு 14 என்று வந்தால், சராசரி 11 என்று தோன்றும். தவறு. முதலாவதற்கு 37.5 லிட்டர், அடுத்ததற்கு 21.4 லிட்டர் செலவாகியிருக்கிறது. 600 கிமீயை 58.9 லிட்டரால் வகுத்தால் 10.2 தான். இந்தக் குழப்பம் வராமலிருக்க 100 கிமீக்கு எத்தனை லிட்டர் என்றே எழுதுங்கள். அமெரிக்க 'மைல்/கேலன்' எண்ணால் 235.2-ஐ வகுத்தால் அது கிடைக்கும். பிரிட்டிஷ் கேலன் பெரியது, அதற்கு 282.5. இரண்டையும் கலந்துகொண்டு, பிரிட்டனில் ஓடும் வண்டி அமெரிக்காவில் ஓடுவதைவிட 20 சதவீதம் சிக்கனம் என்று நம்புகிறவர்கள் நிறைய.

ஓடோமீட்டரையும் ஒருமுறை சோதியுங்கள். 50 கிமீக்குக் குறையாத நேர்ச்சாலையில் ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிட்டால் போதும். டயர் புதிதாக 8 மிமீ பள்ளத்தோடு இருந்து 2 மிமீ வரை தேய்ந்தால் சுற்றளவு ஏறக்குறைய 1.8 சதவீதம் குறையும். ஓடோமீட்டர் அவ்வளவு கூடுதலாகக் காட்டும், மைலேஜ் ஏறியதுபோல் தோன்றும். மறுபக்கம், 3 சதவீதம் பெரிய விட்டமுள்ள ஆல்-டெரெய்ன் டயர் போட்டால் கிலோமீட்டர் 3 சதவீதம் குறைவாகப் பதிவாகும். 'டயர் மாற்றியதும் 10 சதவீதம் போச்சு' என்ற புலம்பலில் 3 சதவீதம் இப்படி மீட்டர் தின்றதாக இருக்கலாம்.

தயாரிப்பாளர் சொல்லும் எண்ணை எப்படி வாசிப்பது

ஐரோப்பாவில் 2017-18 வாக்கில் வந்த டபிள்யூஎல்டிபி மைலேஜ் சோதனை 30 நிமிடம், 23 கிமீ. சராசரி வேகம் 46.5 கிமீ. உச்சமான 131 கிமீயைத் தொடுவது சில நொடிகள்தான். நீங்கள் மணிக்கணக்கில் 130-ல் போகிறவர் என்றால் அந்த எண் உங்களுக்கானதல்ல. அதற்கு முந்தைய என்இடிசி எண்களைப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒதுக்கிவிடலாம், நிஜம் கால் பங்குக்கு மேல் விலகியிருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏவின் எண், 2008 மாடல் ஆண்டிலிருந்து ஏசி ஓட்டம், குளிர் ஓட்டம், வேக ஓட்டம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவதால் நிஜத்துக்கு அருகில் நிற்கும். 2.5 லிட்டர் சாதா பெட்ரோல் என்ஜின் கொண்ட 2024 சுபாரு அவுட்பேக்குக்கு அது நகரும் நெடுஞ்சாலையும் கலந்து கேலனுக்கு 28 மைல், அதாவது 100 கிமீக்கு 8.4 லிட்டர். நீங்கள் அளந்து 8 முதல் 9.5-க்குள் வந்தால் வண்டியில் குறையொன்றும் இல்லை. 11 வந்தால் தேட வேண்டியதுதான்.

ப்ளக்-இன் வேகன்கள் (வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் ஹைப்ரிட்) தனிக் கதை. வால்வோ வி60-இன் ப்ளக்-இன் வகை போன்றவற்றில் பின் அச்சை மின்மோட்டார் ஓட்டுகிறது. நீண்ட ஷாஃப்ட்டே கிடையாது. ஆனால் சோதனை எண்ணில் முதல் சில பத்து கிலோமீட்டர் மின்சாரம் கலந்திருப்பதால் நீண்ட பயணத்துக்கு அது எதையும் சொல்லாது. பேட்டரி தீர்ந்த நிலையில் தனியாக அளந்து பாருங்கள்.

அந்த அரை லிட்டர் எங்கே போகிறது

பின்சக்கரத்துக்கு விசை அனுப்ப விசையின் திசையைத் திருப்பும் ஒரு பெவல் கியர் ஜோடி, நீண்ட ஷாஃப்ட், கிளட்ச், பின் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் கியர் தொகுதி), இரண்டு அரை ஷாஃப்ட் ஆகியவை வேண்டும். டிஃபரன்ஷியலின் ஹைபாய்டு பற்கள் உருளுவதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். சூடு அங்கேதான் பிறக்கிறது. கெட்டியான கியர் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே சுற்றுவதும் சேர்கிறது.

'தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரம்' என்று விற்கப்படும் ஹால்டெக்ஸ் வகை அமைப்பிலும் (பல வால்வோ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வேகன்களில் இருப்பது) கிளட்ச் திறந்திருக்கும்போது ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் சும்மா இருப்பதில்லை, கூடவே சுற்றுகின்றன. ஃபியூஸைப் பிடுங்கிப் பின்சக்கரத்தைத் துண்டித்தால் மைலேஜ் கூடும் என்ற யோசனை இதனால்தான் பலிப்பதில்லை. பழைய சுபாரு ஆட்டோமேட்டிக்குகளில் முன்சக்கர ஃபியூஸ் இடம் இருந்தது, சிறிய ஸ்டெப்னி போடும்போது பயன்படுத்த. அதைப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டியவருக்கு மிச்சம் கிடைத்திருந்தாலும் அளவுப் பிழைக்குள் மறைந்துபோகும் அளவே. உண்மையில் ஷாஃப்ட்டை நிறுத்துவது, 2016-ல் ஆடி ஏ4 ஆல்ரோடில் வந்த 'குவாட்ரோ அல்ட்ரா' போல முன்னால் ஒரு கிளட்ச், பின் அச்சில் ஒரு பல் கிளட்ச் என இரண்டு இடத்தில் துண்டிக்கும் அமைப்புதான். அதுவும் எல்லா ஆடிகளிலும் இல்லை. கிளட்ச் இல்லாமல் கியர்களாலேயே விசையைப் பகிரும் பழைய டார்சென் வகையில் நான்கு சக்கரமும் எப்போதும் விசையில் இருக்கும்.

இந்த இழப்பு குளிரில் கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. என்ஜின் தானே சூடாகும், பல வண்டிகளில் கியர்பாக்ஸைக் குளிர்விப்பான் நீர் சூடாக்கும். பின் டிஃபரன்ஷியலுக்கு அப்படி யாரும் இல்லை. தன் உராய்வில் தானே சூடாக வேண்டும், அதுவும் அடியில் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது. 5 கிமீ ஓட்டி நிறுத்தினால் அந்த எண்ணெய் ஒருநாளும் இளகுவதில்லை. கோடையில் அரை லிட்டராக இருந்தது பனிக்காலக் குறுந்தூரத்தில் அதைத் தாண்டுவது இதனால். மாற்றும்போது தயாரிப்பாளர் சொன்ன தரத்தையே போடுங்கள். சுபாரு பின் டிஃபரன்ஷியல் என்றால் 75டபிள்யூ-90 ஜிஎல்-5, ஏறக்குறைய 0.8 லிட்டர். 'இன்னும் பலமாக இருக்கட்டும்' என்று 140 தர எண்ணெய் ஊற்றுவது குளிர்நாட்டில் காசு கொடுத்து உராய்வை வாங்குவது.

வேகமும் கூரையும்

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். 1,700 கிலோ எடையும் வேகனுக்கு வழக்கமான முகப்பரப்பும் வைத்துக் கணக்கிட்டால், சமதளத்தில் 90 கிமீ வேகத்தில் எதிர்ப்பு விசை சுமார் 430 நியூட்டன். 110-ல் 560. 130-ல் 715. இதில் டயரின் பங்கு 165-ஐ ஒட்டி அப்படியே நிற்கிறது, ஏறுவதெல்லாம் காற்று. அதிகச் சுமையில் என்ஜினின் திறன் சற்றுக் கூடுவதால் எரிபொருள் இதே விகிதத்தில் ஏறாது. ஆனாலும் ஒவ்வொரு 20 கிமீ வேகக் கூடுதலுக்கும் 100 கிமீக்கு 1 முதல் 1.5 லிட்டர் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். 130-லிருந்து 115-க்கு இறங்கினாலே ஆல் வீல் டிரைவின் அரை லிட்டர் திரும்பி வந்து மேலும் மிஞ்சும். 200 கிமீ தூரத்தில் இதற்காக இழப்பது 12 நிமிடம்.

டர்போ பெட்ரோலில் வேகத்தின் தண்டனை இன்னும் கடுமை. மேட்டில் முழுச்சுமையோடு மிதித்தால், சூட்டைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும் என்ஜின்கள் உண்டு. சிவிடி (படிகளின்றி விகிதம் மாறும்) கியர்பாக்ஸ் உள்ள வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஆர்பிஎம் எகிறும். மேடு வருமுன் மெதுவாகக் கொஞ்சம் கூட்டி, மேட்டில் 5 கிமீ இழந்தால் பரவாயில்லை என்று விட்டால் அந்த எகிறல் வராது. குரூஸ் கன்ட்ரோல் இதைச் செய்யாது, வேகத்தைப் பிடிக்க இழுத்துக்கொண்டே போகும். மலைப்பாதையில் அதை அணைத்துவிடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது சிக்கனம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய என்ஜின் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலுக்கு எரித்தாக வேண்டும்.

வேகனுக்குக் கூரைக் கம்பி கூடவே வருகிறது, அதுதான் வம்பு. அமெரிக்க எரிசக்தித் துறையும் இபிஏவும் தரும் கணக்குப்படி, மழுங்கிய பெரிய கூரைப்பெட்டி நகருக்குள் 2 முதல் 8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம், மணிக்கு 105-120 கிமீ வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும். 100 கிமீக்கு 8 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு மைலேஜில் 20 சதவீத இழப்பு என்றால் கூடுதலாக 2 லிட்டர், நான்கு ஆல் வீல் டிரைவுக்குச் சமம். அதே சுமையைப் பின்னால் கொக்கியில் மாட்டும் பெட்டியில் வைத்தால் நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதத்தோடு போகிறது. பயணம் முடிந்த அன்றே குறுக்குக் கம்பிகளையும் கழற்றுங்கள். காலிக் கம்பி 'ஊ' என்று ஊதும் சத்தமே எரிபொருளில் பிறப்பதுதான்.

வேகனின் உள்ளே இடம் நிறைய. உள்ளே அடுக்கி முடிந்த பிறகே கூரையைப் பார்க்க வேண்டும். 45 கிலோ கூடுதல் எடைக்கு இழப்பு 1 சதவீதம்தான். உள்ளே இருக்கும் 90 கிலோ, கூரைமேல் இருக்கும் 10 கிலோ தலையணைப் பெட்டியைவிடச் சிக்கனம்.

டயர்

முன்பின் டயர்கள் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும் என்பது ஆல் வீல் டிரைவுக்கே உரிய விதி. சுபாரு சொல்வது நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மிமீக்குள் இருக்க வேண்டும் என்று. பள்ளத்தின் ஆழத்தில் அது வெறும் 1 மிமீ. ஒரு டயர் வெடித்து ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் 3, 4 மிமீ வித்தியாசம் வந்துவிடும். நேர்ச்சாலையிலும் நடுக் கிளட்ச் (முன்பின் அச்சுகளை இணைப்பது) ஓயாமல் வழுக்கிச் சூடாகும். இதில் எரிபொருள் இழப்பு சிறியது, கிளட்ச் மாற்றும் செலவு பெரியது. ஆழமானியால் ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், 10,000 கிமீக்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள்.

காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி எடுக்குமுன் பார்க்க வேண்டும். நான்கிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். வெளி வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் தானாகவே இறங்கும். கதவுச் சட்ட ஸ்டிக்கரில் குறைந்த சுமைக்கும் முழுச்சுமைக்கும் தனித்தனி எண் இருந்தால், நெடும்பயணத்துக்கு முழுச்சுமை எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏற்றி நனைந்த சாலையில் பிடியை இழப்பதில் லாபமில்லை. முன்பின் வித்தியாசத்தை மட்டும் ஸ்டிக்கர் சொன்னபடியே வையுங்கள்.

வாங்கும்போது ஐரோப்பிய லேபிளைப் பாருங்கள். உருளும் எதிர்ப்பில் 'ஏ' தரம் டன் சுமைக்கு 6.5 கிலோ விசை அல்லது குறைவு, 'சி' 7.8 முதல் 9.0 வரை, 'இ' 10.6 அல்லது அதற்கு மேல். எதிர்ப்பு 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும் என்ற வழக்கமான கணக்கில், 'இ'யிலிருந்து 'ஏ'வுக்கு மாறினாலே அரை லிட்டர் கிடைத்துவிடும். சரளைச் சாலையே இல்லாத ஊரில் முரட்டு டயர் போட்டுக்கொள்வது அழகுக்குத்தான்.

குளிரும் குறுந்தூரமும்

25 டிகிரியில் கிடைத்த நகர மைலேஜ் மைனஸ் 7 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறையும். 5, 6 கிமீ ஓட்டங்களில் 24 சதவீதம் வரை போகும். வண்டியில் பழுது இல்லை, இயற்பியல். மூன்று வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடிப்பதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

ரிமோட் ஸ்டார்ட்டில் 10 நிமிடம் சூடாக்கினால் 0.2 லிட்டருக்கு மேல் எரியும். தினம் 40 கிமீ ஓட்டுகிறவருக்கு அது 100 கிமீக்கு அரை லிட்டர், அதாவது இன்னொரு ஆல் வீல் டிரைவ். கண்ணாடிப் பனியைச் சுரண்டி, அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் மிதமாக ஓட்டினால் என்ஜினும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒருசேரச் சூடாகும்.

திடீரென்று 10 சதவீதம் குறைந்தால்

காற்றழுத்தம், டயர் மாற்றம், பருவம், எத்தனால் கலந்த எரிபொருள் (10 சதவீத எத்தனாலுக்கு 3 சதவீதம் இழப்பு) ஆகியவை காரணமா என்று முதலில் பார்த்து ஒதுக்குங்கள். பிறகு பிரேக். 20 நிமிடம் ஓட்டி, கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக் தொடாமல் உருண்டு வந்து நில்லுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிஸ்க்கையும் பாருங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் 30 டிகிரி கூடுதலாக இருந்தால் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. உப்புச் சாலைகளில் பின் காலிப்பரின் வழுக்குப் பின்கள் துருப்பிடிப்பதுதான் வழக்கமான காரணம்.

அடுத்தது தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை குளிர்விப்பான் நீரைத் தடுத்துவைக்கும் வால்வு). டாஷ்போர்டு முள் ஏமாற்றும். ஏறக்குறைய 75-க்கும் 105-க்கும் இடையில் எதுவாக இருந்தாலும் நடுவில் நிற்கும்படி அது பல வண்டிகளில் அமைக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓபிடி கருவியில் உண்மை வெப்பத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் 70-ஐ ஒட்டி இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதே கருவியில் நீண்டகால எரிபொருள் திருத்தம் (கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பிளஸ் மைனஸ் 5-க்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளஸ் 10-ஐத் தாண்டினால் காற்றுக் கசிவு அல்லது காற்றோட்ட சென்சார் அழுக்கு. காற்று வடிகட்டியைப் புதிதாக மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது இன்ஜெக்ஷன் வண்டிகளுக்குப் பொருந்தாது, வேகமெடுக்கும் திறன் மட்டுமே தேறும்.

கடைசியாக நடுக் கிளட்ச் இறுகியிருக்கிறதா என்ற சோதனை. வண்டி நன்றாகச் சூடான பின், காய்ந்த தார்த் தரையில் ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். யாரோ பிரேக் பிடித்ததுபோல் வண்டி திக்கித் திக்கி நகர்ந்தால் கிளட்ச் விடவில்லை. முதலில் டயர் அளவு, பிறகு எண்ணெய், அதற்கும் பிறகே கிளட்ச்.

இதற்கு நேர்மாறான பழுது மைலேஜில் தெரியவே தெரியாது. ஹால்டெக்ஸ் பம்ப்பின் வலைவடிகட்டி கிளட்ச் தூளால் அடைபட்டால் பின்சக்கரத்துக்கு விசை போகாது. பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்குகூட எரியாது. லிட்டர் கணக்கு அப்படியே இருக்கும், முதல் பனியில்தான் தெரியவரும். கையேடு 'ஆயுள் முழுவதும்' என்று சொன்னாலும் 60,000 கிமீக்குள் எண்ணெயை மாற்றச் சொல்லுங்கள். அப்போதே பம்ப்பைக் கழற்றி வலையைக் கழுவச் சொல்லுங்கள். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு வலையைத் தொடாமல் விடும் பட்டறைகள்தான் அதிகம்.